வான்கூவர் முறையும் மருத்துவ ஆய்விதழ்களின் துணைநூற்பட்டியலும்: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

மருத்துவ ஆய்விதழ்களில் இன்று பெருவழக்காக உள்ள எண்வழி மேற்கோள் முறை, தட்டச்சு உழைப்பைக் குறைக்கவும் நூலக அட்டவணையோடு இசைந்து செல்லவும் உருவானது. சான்று இருக்கும் இடத்தை அது துல்லியமாகக் காட்டும். சான்று கூறும் பொருளைக் காட்டாது. இவ்வேறுபாடு மறக்கப்பட்டதன் விளைவை 1980இல் வெளிவந்த ஒரு கடிதத்தின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: வான்கூவர் முறை, துணைநூற்பட்டியல், இன்டெக்ஸ் மெடிக்கஸ், மேற்கோள் பிழை

முன்னுரை

ஆய்வுக்கட்டுரை எழுதுவோர் பெரும்பாலும் கடைசியாகக் கைவைக்கும் பகுதி துணைநூற்பட்டியல். ஆண்டுக்குப்பின் அரைப்புள்ளியா, தொகுதி எண்ணுக்குப்பின் முக்காற்புள்ளியா என்பன அறிவோடு தொடர்பற்ற எழுத்தர் வேலையாகவே கருதப்படுகின்றன. ஆயினும் அப்புள்ளிகளுக்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றை அறியாமல், அவை எதற்கு உறுதி அளிக்கின்றன, எதற்கு அளிப்பதில்லை என்பதைப் பிரித்தறிவது கடினம்.

அட்டவணையின் காலம்

வாஷிங்டனில் அமெரிக்க இராணுவத் தலைமை மருத்துவர் அலுவலகத்தின் நூலகத்தைப் பெருநூலகமாக வளர்த்தவர் ஜான் ஷா பில்லிங்ஸ். அவர் ராபர்ட் பிளெட்சருடன் இணைந்து 1879இல் ‘இன்டெக்ஸ் மெடிக்கஸ்’ என்னும் மாத அட்டவணையைத் தொடங்கினார். பல நாடுகளின் மருத்துவ இதழ்களில் வந்த கட்டுரைகளைப் பொருள்வாரியாகத் தொகுத்துத் தருவது அதன் பணி. மிகுதியான பதிவுகளைக் குறைந்த இடத்தில் அடக்க வேண்டியிருந்ததால் இதழ்ப்பெயர்கள் சுருக்கப்பட்டன. தொகுதி, பக்கம், ஆண்டு ஆகியவை இறுகக் கோக்கப்பட்டன. மருத்துவ ஆய்விதழ்கள் இதழ்ப்பெயரைச் சுருக்கி எழுதும் வழக்கம் நிலைபெற்றது இவ்வட்டவணையைச் சார்ந்தே ஆகும். அச்சு வடிவம் 2004இல் நின்றுவிட்டது. சுருக்கங்கள் மட்டும் நிலைத்துவிட்டன.

ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் பிறைக்குறிக்குள் தரும் மற்றொரு முறை மருத்துவத்தில் தோன்றியதன்று. ஹார்வர்டு விலங்கியல் அறிஞர் எட்வர்டு லாரன்ஸ் மார்க் 1881இல் ஓடற்ற நத்தையினம் ஒன்றின் முட்டையைப் பற்றி எழுதிய கட்டுரையே அதன் தொடக்கமாகச் சுட்டப்படுகிறது. ஹார்வர்டு முறை என அது பெயர்பெற்ற பின்னணியும் இதுவே.

வான்கூவர், சனவரி 1978

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆய்விதழ்கள் பெருகின. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு வடிவத்தை வைத்திருந்தது. ஓரிதழ் மறுத்த கட்டுரையை வேறோர் இதழுக்கு அனுப்ப வேண்டுமானால் பட்டியல் முழுவதையும் மீண்டும் தட்டச்சு செய்ய வேண்டும். அதைச் செய்தவர் ஆய்வாளர் அல்லர். துறை அலுவலகத்தின் செயலர். சியாட்டில் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சிறுநீரகவியல் துறையில் பணியாற்றிய செயலர் ஒருவர், இதழாசிரியர்கள் ஒரே வடிவத்தை ஏற்க வேண்டுமென விடுத்த வேண்டுகோளே இச்சீர்திருத்தத்திற்கான தூண்டுதல்களுள் ஒன்று. அறிவுத்துறை வரலாறுகளில் இத்தகையோர் இடம்பெறுவது அரிது.

1978 சனவரியில் பொது மருத்துவ இதழ்களின் ஆசிரியர்கள் சிலர் கனடாவின் வான்கூவரில் கூடினர். எட்வர்டு ஹூத், ஸ்டீபன் லாக் முதலியோர் இக்குழுவின் முன்னணியினர். அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் வகுத்தளித்த மேற்கோள் வடிவங்களையும் உள்ளடக்கி, கையெழுத்துப்படிகளுக்கான ‘ஒருசீர்த் தேவைகள்’ 1979இல் வெளியாயின. பின்னர் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட இதழ்கள் இவற்றை ஏற்றன. குழு, மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழுவாக விரிந்தது. ஆவணமும் 2013இல் ‘பரிந்துரைகள்’ எனப் பெயர் மாறியது.

சான்றுகள் கட்டுரையில் முதன்முதலாக வரும் வரிசையிலேயே எண் பெறும் என்பது முதன்மையான விதி. இதில் ஒரு முரண் உண்டு. பட்டியலின் நடுவே ஒரு சான்றைச் சேர்த்தால் அதன்பின் வரும் எண்கள் அனைத்தும் மாறும். தட்டச்சுப் பொறியின் காலத்தில் அது சிறு சுமையன்று. இதழ்களுக்கிடையிலான மறுதட்டச்சைக் குறைத்த முறை, கட்டுரைக்குள் திருத்தும் உழைப்பைக் கூட்டியது. வாசகருக்கோ வாக்கியம் இடையில் அறுபடாமல் ஓடியது. அச்சகத்திற்கு இடம் மிஞ்சியது.

பெயரும் எண்ணும்

இம்முறை குடும்பப்பெயரை முன்வைத்து, ஏனைய பெயர்களை முதலெழுத்துகளாகச் சுருக்குகிறது. குடும்பப்பெயர் வழக்கில்லாத தமிழர்க்கு இது பொருந்துவதில்லை. தந்தைபெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகக் கொண்ட க. முருகன், ஓரிதழில் ‘முருகன் க’ ஆவார். தலைப்பெழுத்தை விரித்து இறுதியில் எழுதச் சொல்லும் மற்றோர் இதழில் ‘கந்தசாமி மு’ ஆவார். அட்டவணையில் அவர்கள் இருவேறு ஆய்வாளர்கள். எத்தனை பெயர்களைப் பதிவது என்பதும் நூலகத்தின் வசதியைப் பொறுத்தே இருந்தது: தேசிய மருத்துவ நூலகத்தின் தரவுத்தளம் 1984 முதல் 1995 வரை ஒரு கட்டுரைக்குப் பத்து ஆசிரியர்களை மட்டுமே ஏற்றது.

வடிவம் காக்காதவை

மேற்கோள் குறிப்புகளை ஆசிரியர்களே மூல ஆவணங்களுடன் ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும் என்று ஒருசீர்த் தேவைகள் வலியுறுத்தின. நடைமுறை வேறாக இருந்தது. 1984 சனவரியில் ஆறு மருத்துவ இதழ்களில் வந்த கட்டுரைகளை ஆராய்ந்து, மறு ஆண்டு பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியான ஆய்வு, 24 விழுக்காட்டுக் குறிப்புகளில் பிழை கண்டது. இவை எழுத்துப்பிழைகள் எனக் கடந்துவிடலாம். ஆனால் 15 விழுக்காட்டு மேற்கோள்களில் மூல ஆசிரியர் கூறியதே திரிக்கப்பட்டிருந்தது. முன்னதை ஓர் இதழின் படிதிருத்துநர் பிடித்துவிடலாம். பின்னதைப் பிடிக்க மூலக் கட்டுரையைப் படித்தாக வேண்டும்.

இதன் கொடிய எடுத்துக்காட்டு, நியூ இங்கிலாந்து மருத்துவ இதழின் 1980 சனவரி 10ஆம் நாள் இதழில் வந்த ஐந்து வாக்கியக் கடிதம். ஜேன் போர்ட்டரும் ஹெர்ஷல் ஜிக்கும் எழுதியது. மருத்துவமனையில் இருந்தபோது ஓபியம் வகை வலிநிவாரணி பெற்ற 11,882 நோயாளிகளுள், முன்பு அடிமைப்பழக்கம் இல்லாதவரிடையே போதிய சான்றுள்ள அடிமைநிலை நால்வரிடம் மட்டுமே காணப்பட்டது என்பது அதன் செய்தி. வீட்டில் நெடுங்காலம் மருந்து உட்கொள்வோரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. 2017இல் அதே இதழ் வெளியிட்ட மேற்கோள் ஆய்வு, இக்கடிதம் 608 முறை எடுத்தாளப்பட்டிருப்பதைக் கண்டது. அவற்றுள் 439, அடிமைநிலை அரிது என்பதற்கு இதைச் சான்றாக்கின. 491, ஆராயப்பட்டோர் மருத்துவமனை நோயாளிகள் என்பதைக் குறிப்பிடவே இல்லை. வட அமெரிக்காவில் ஓபியம் வகை மருந்துகளால் நேர்ந்த பேரழிவிற்கு இம்மேற்கோள் மரபும் துணைநின்றது என்பது அவ்வாய்வாளர்களின் முடிவு.

வான்கூவர் முறைப்படி அக்கடிதத்தின் முகவரி 1980;302:123. ஆண்டு, தொகுதி, பக்கம் மூன்றும் சரி. ஒரே பக்க எண்ணே கூர்ந்து நோக்குவோர்க்கு ஐயம் எழுப்பியிருக்க வேண்டும். தலைப்பை அடுத்துச் சதுர அடைப்பில் ‘கடிதம்’ எனக் குறிக்கவும் ஒருசீர்த் தேவைகளின் பிற்காலப் பதிப்புகளில் மாதிரி தரப்பட்டுள்ளது. ‘தேவைப்படுமிடத்து’ என்பது அம்மாதிரியின் நிபந்தனை. 2017இல் இதழின் இணையப் பக்கத்தில், இக்கடிதம் ஆராயாமல் மிகுதியாக எடுத்தாளப்பட்டது என்னும் பதிப்பாசிரியர் குறிப்பு சேர்க்கப்பட்டது. முன்பே அச்சாகிவிட்ட துணைநூற்பட்டியல்களில் அக்குறிப்பு இல்லை. அவற்றில் இருப்பது முகவரி மட்டுமே.