கலியாணம் கட்டினால் மாறுற வருத்தமா?

எங்கட பட்ச்சிலயே கன பேருக்கு பி.சி.ஓ.எஸ் இருக்கு. ஸ்கான் எடுத்து 'சூலகத்தில நீர்க்கட்டி' எண்டுவினம். வீட்டுக்கு வந்தால் அம்மம்மாவில இருந்து அயலட்டை வரைக்கும் ஒரே மருந்துதான்: கலியாணம் கட்டினால் சரியாப் போகும். சீனி சோதிச்சியா எண்டு மட்டும் ஒருத்தரும் கேக்கிறேல்லை. அது ஏன் எண்டு தேடப்போய்த்தான் இந்தக் கதை எங்களுக்குத் தெரிய வந்தது.

1921இல் பரிஸில் அஷார், தியேர் என்ற இரண்டு வைத்தியர்கள் 'தாடி வைத்த பெண்களின் நீரிழிவு' பற்றி எழுதினார்கள். பெயரே ஒரு மாதிரித்தான். அவர்கள் சொன்னதும் இன்றைய பி.சி.ஓ.எஸ்ஸும் முழுக்க ஒன்றல்ல. ஆனாலும் முகத்தில் முளைத்த மயிரையும் இரத்தத்தில் ஏறிய சீனியையும் அவர்கள் சேர்த்துப் பார்த்தார்கள்.

அந்தத் தொடுப்பு பிறகு அறுந்துபோனது. 1935இல் சிகாகோவில் இர்விங் ஸ்டைன், மைக்கேல் லெவந்தால் என்ற மகப்பேற்று வைத்தியர்கள் ஏழு பெண்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஏழு பேருக்கும் மாதவிடாய் ஒழுங்கில்லை, சூலகங்கள் பெருத்திருந்தன. சத்திரசிகிச்சை செய்து சூலகத்தில் ஒரு பெரிய துண்டை ஆப்பு வடிவில் வெட்டி எடுத்தார்கள். ஏழு பேருக்கும் மாதவிடாய் திரும்பியது, இருவர் கர்ப்பமும் ஆனார்கள். வருத்தத்துக்கு அவர்களின் பெயரே வைக்கப்பட்டது. அவர்களைக் குறை சொல்லவும் ஏலாது. பீரியட்ஸ் இல்லை, பிள்ளை இல்லை எண்டு வந்தவைக்கு அவை பதில் குடுத்தவை. ஆனால் அதோட வருத்தம் சூலகத்துக்குள்ள பூட்டுப்பட்டுப் போச்சுது.

இன்னொன்று, அந்த 'நீர்க்கட்டி' உண்மையில் கட்டியே இல்லை. முதிர்ந்து முட்டையை வெளிவிட வேண்டிய சிறு நுண்பைகள் பாதியில் நின்றுபோனவைதான் ஸ்கானில் அப்படித் தெரிகின்றன.

சீனி திரும்பக் கதைக்குள் வர 1980 ஆனது. அமெரிக்காவின் மெம்பிஸில் பர்கன், கிவன்ஸ், கிதாப்சி ஆகியோர் ஒரு சிறிய ஆய்வு செய்தார்கள். இந்தப் பெண்களில் ஆண் ஓமோன் கூடக் கூட இன்சுலினும் கூடியிருந்ததைக் கண்டார்கள். 1989இல் அன்ட்ரியா டுனாய்ஃபின் குழு, மெலிந்த பெண்களிடமும் இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை என்று காட்டியது. (உடம்பைக் குறை, எல்லாம் சரியாகும் எண்டு சொல்லுற ஆக்கள் இதைக் கவனிக்கோணும்.) உடல் இன்சுலினுக்கு மசியாதபோது கணையம் மேலும் மேலும் சுரக்கிறது. அந்த மிகை இன்சுலின் சூலகத்தைத் தூண்டி ஆண் ஓமோனைக் கூட்டுகிறது. அந்த ஓமோனைக் கட்டி வைத்திருக்கும் புரதத்தை ஈரல் குறைவாகச் சுரக்கவும் அதுவே காரணமாகிறது. முகப்பரு, மயிர், தவறும் மாதவிடாய் எல்லாம் இதன் பின்னால் வருபவை.

இது அமெரிக்கக் கதை மட்டுமில்லை. கம்பஹாவில் 15 முதல் 39 வயதான பெண்களிடம் செய்து 2008இல் வெளியான ஆய்வு, 6.3 சதவீதமானோருக்கு இது இருப்பதாகக் கண்டது.

2012இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய குழு, இந்தப் பெயரே ஆளைத் திசைதிருப்புகிறது, மாற்றுங்கள் என்றது. 2023இன் சர்வதேச வழிகாட்டியோ, பி.சி.ஓ.எஸ் என்று கண்டவுடனேயே, வயது எடை எதுவானாலும், சீனி சோதிக்கச் சொல்கிறது. கலியாணம் ஆச்சுதோ இல்லையோ எண்டு அதில ஒரு கேள்வியும் இல்லை.