சேதுபதி அரண்மனைச் சுவரும் ஒல்லாந்தரின் பனிக்காலமும்

இராமநாதபுரம் அரண்மனையில் சேதுநாட்டு மன்னர் கிழவன் சேதுபதி எழுப்பிய ராமலிங்க விலாசத்துக்குள் நுழைந்து, முத்து விஜய ரகுநாத சேதுபதியின் காலத்தில் (1713–1725) தீட்டப்பட்ட சித்திரங்களை நிதானமாகப் பார்த்து வருபவர், இராமாயணக் காட்சிகளுக்கும் தஞ்சை மராட்டியரோடு நிகழ்ந்த யுத்தக் காட்சிகளுக்கும் இடையே, தொப்பி தரித்த ஐரோப்பியர் சேதுபதியின் முன்னிலையில் நிற்பதையும் காண்பர். அவர்களை ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) என்று அறிஞர் கருதுவதற்குக் காரணம் உண்டு. 1658இல் தூத்துக்குடியையும் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கீசியரிடமிருந்து கவர்ந்த அவர்களுக்கு, முத்துச் சலாபமும் (முத்துக்குளிப்பும்) சங்கும் வேண்டியிருந்தன. பாம்பன் கால்வாயோ சேதுபதியின் அதிகாரத்தில் இருந்தது. ஆதலின் சில காலம் சண்டையும், சில காலம் உடன்படிக்கையுமாக அந்த உறவு வளர்ந்தது.

அந்த ஒல்லாந்தரின் தாயகத்திலோ, குளிர் மிகுந்த அந்நூற்றாண்டுகளில் கால்வாய்கள் உறைந்து படகுகள் ஓடாமல் நின்றபோது, ஊரே பனிக்கட்டிமேல் இறங்கிவிடும். ஊமையான ஹென்ட்ரிக் அவர்காம்ப் (1585–1634) என்னும் ஓவியர் ஏறத்தாழ 1608இல் தீட்டிய, இன்று ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியத்தில் உள்ள பலகைச் சித்திரத்தில், பட்டுடுத்த சீமாட்டியும் சறுக்கி விழுந்த ஏழையும் ஒரே பனிப்பரப்பைப் பகிர்ந்துகொள்கின்றனர். ஒரு மூலையில் பழைய கதவொன்றைக் குச்சியால் முட்டுக்கொடுத்துப் பறவைக்குப் பொறி வைத்திருக்கிறார்கள். செத்த குதிரையை நாய் தின்கிறது. குதூகலத்தின் நடுவே பசியையும் அவர் மறைக்கவில்லை.

நம் ராமலிங்க விலாசச் சுவரிலோ சங்கீதமும் நாட்டியமும் அந்தப்புர வினோதங்களும் ராஜபோகமாகவே விளங்குகின்றன. பட்டாபிஷேகமும் தெய்வ அநுக்கிரகமும் போர் வெற்றியும் அரசனுடைய பெருமையைப் பறைசாற்ற எழுந்தவை. அந்த நோக்கத்தில் அவற்றின் வர்ணமும் வரைவும் குறைவற்றவை. ஆனால், எந்தச் செல்வத்தை நாடி அந்நியர் கடல் கடந்து வந்தார்களோ, அச்செல்வத்தைக் கால்களில் கல்லைக் கட்டி மூச்சடக்கி ஆழத்திலிருந்து எடுத்துத் தந்த பரவருக்கும் கீழக்கரை முஸ்லிம்களுக்கும், தோணியில் நின்று அவர்களுடைய கயிற்றைப் பிடித்தவர்களுக்கும், அவர்காம்பைப்போல் தங்கள் வாழ்க்கையைத் தீட்டிவைக்க ஓர் ஓவியன் வாய்க்கவில்லை.

ஆகவே, ராமலிங்க விலாசத்தின் சுவர்களை உதிரவிடாமல் பேணுவது எவ்வளவு கடமையோ, சுவரில் இடம்பெறாத அக்கடற்கரை ஜனங்களின் சரித்திரத்தைப் பத்திரங்களிலிருந்தும் முதியோர் நினைவிலிருந்தும் திரட்டி எழுதுவதும் அவ்வளவு கடமையே. இரண்டும் சேர்ந்தால்தான் சேதுநாட்டின் சரித்திரம் பூர்த்தியாகும்.