கடையில நிக்கறதுக்கு எதுக்குப் படிப்பு?

போன வாரம் ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மி. ரெண்டு நாள் லீவைப் போட்டுட்டு காஞ்சிபுரம் போயிருந்தேன். பிள்ளையார்பாளையத்துல சித்தப்பா வீடு. உள்ளே நுழைஞ்சா தறிதான் முதல்ல கண்ணுல படும். சித்தப்பா அப்புறம்தான் தெரிவார் :-)

காபி வர்றதுக்குள்ளயே பஞ்சாயத்து ஆரம்பிச்சிடுச்சு. சித்தப்பா பொண்ணு ப்ளஸ் டூ முடிச்சிருக்கா. பி.பி.ஏ. ரீடெயில் மேனேஜ்மென்ட்தான் படிப்பேன்னு ஒத்தைக் கால்ல நிக்கறா. சித்தப்பாவுக்கு அது புரியல.

"ஜவுளிக்கடையில நின்னு சேலையைப் பிரிச்சுக் காட்டறதுக்கு எதுக்குடா மூணு வருஷப் படிப்பு? அதுக்கு ஃபீஸ் வேற. நீ படிச்சவன், நீயே சொல்லு."

நான் படிச்சது இன்ஜினியரிங். தட்டறது பொட்டி. ஆனா கேட்டவர் சித்தப்பாவாச்சே, அதனால 'யோசிச்சு சொல்றேன் சித்தப்பா'ன்னு நழுவிட்டேன். யோசிக்க யோசிக்க, இந்தக் கேள்விக்கான பதில் காஞ்சிபுரத்து வரலாற்றிலேயே இருக்குன்னு பட்டுது. அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

முதல்ல ஆயிரம் வருஷம் பின்னாடி ஒரு கொசுவத்தி சுத்திடுவோம். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துல உத்தம சோழனோட செப்பேடுகள் இருக்கு. பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. கச்சிப்பேடு, அதாவது நம்ம காஞ்சிபுரத்து ஊரகம் கோயிலைப் (இன்றைய உலகளந்த பெருமாள் கோயில்) பற்றிய ஏற்பாடுகள் அதில் எழுதியிருக்கு. ஊரில் நிறுத்தும் அளந்தும் விற்கிற பொருள்கள் மீதான கட்டணம் கோயிலுக்குச் சேரணும். சரி, அந்தக் கோயில் காரியங்களை யார் பார்த்துக்கணும்? நாலு சேரிகளில் குடியிருந்த பட்டசாலிகள், அதாவது நெசவாளர்கள். சேரின்னா அப்போ குடியிருப்புன்னுதான் அர்த்தம்.

இதைப் படிச்சப்போ எனக்கு ஆச்சரியமா இருந்தது. நெசவாளின்னா தறிக்குழியில் காலை விட்டுக்கிட்டு குனிஞ்சிருக்கிற ஆள்னுதான் நமக்கெல்லாம் நினைப்பு. ஆனா ஒரு காலத்துல ஊர்க் கோயிலோட வரவு செலவையே நம்பி ஒப்படைக்கிற இடத்துல அவங்க இருந்திருக்காங்க. தறி ஒரு கையில, கணக்கு இன்னொரு கையில.

அந்தக் கணக்கு எப்ப கையை விட்டுப் போச்சு? ஒரே நாள்ல போகலை. கிழக்கிந்தியக் கம்பெனி வந்த பிறகு நடந்ததைப் பாருங்க. கம்பெனிக்குத் துணி வேணும். இடையில இருக்கிற வியாபாரிகள் மூலமா நெசவாளிக்கு முன்பணம் போகும். முன்பணம் வாங்கினவன், கொடுத்தவனுக்குத்தான் நெய்யணும். 1734ல் சென்னையில் சிந்தாதிரிப்பேட்டையைக் கம்பெனி உருவாக்கியதே நெசவாளிகளைத் தனக்குப் பக்கத்துல குடிவைக்கத்தான். துணி எங்கே போகுது, யார் உடுத்தறாங்க, என்ன விலைக்குப் போகுதுங்கறதெல்லாம் நெய்யறவனுக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லைன்னு ஆயிடுச்சு.

கம்பெனி போயாச்சு, ஆனா இந்த ஏற்பாட்டோட சாயல் போகலை. இன்னிக்கும் பிள்ளையார்பாளையத்துல பல வீடுகளில் பாவும் பட்டும் சரிகையும் முதலாளி கொடுப்பார். நெய்து கொடுத்தா கூலி. சேலை ரோட்டைத் தாண்டினதும் நெய்தவருக்கும் அதுக்கும் சம்பந்தம் முடிஞ்சுது.

இதை மாத்த முயற்சியே நடக்கலையான்னா, நடந்தது. 1904 முக்கியமான வருஷம். அந்த வருஷம்தான் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. ஏப்ரல்ல திருவல்லிக்கேணியில் டி.யூ.சி.எஸ். ஆரம்பிச்சாங்க. வாடிக்கையாளர்களே சேர்ந்து நடத்தற பண்டகசாலை, இந்தியாவில் அதுக்கு முன்னோடி. அதே வருஷம் அக்டோபர்ல, அந்தச் சட்டத்தின் கீழ் நாட்டின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவாச்சு. எங்கேன்னு நினைக்கறீங்க? காஞ்சிபுரத்துல! ஊர்க்காரனான எனக்கே இது ரொம்ப நாள் தெரியாது.

கடனுக்கு வழி பண்ணியாச்சு, விற்பனைக்கு? அதுக்கு 1935ல் வந்ததுதான் இன்னிக்கு நாம கோ-ஆப்டெக்ஸ்னு சொல்ற அமைப்பு. நெசவாளர் சங்கங்கள் கிட்டே வாங்கி, தன் கடைகளில் விற்கும். அதாவது நெசவாளிகளே சேர்ந்து கடை வைக்கறது. காஞ்சிபுரத்திலும் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் நிறைய வந்தன. நேரா சங்கத்துக் கடையிலேயே போய் முகூர்த்தப் பட்டு எடுக்கற குடும்பங்கள் இன்னிக்கும் உண்டு. ஒரு சின்ன தகவல்: கோ-ஆப்டெக்ஸ் தலைமையகமும், அந்த உத்தம சோழன் செப்பேடு இருக்கற அருங்காட்சியகமும் ஒரே பாந்தியன் சாலையிலதான் இருக்கு.

இன்னொரு வழியையும் ஒருத்தர் பிடிச்சார். காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பத்தைச் சேர்ந்த நல்லி சின்னசாமி செட்டி 1928ல் சென்னை தி.நகர்ல கடை போட்டார். அப்போ தி.நகர் உருவாகிக்கிட்டிருந்த புதுப் பேட்டை. ஜனம் எங்கே குடிவரப் போகுதுன்னு பார்த்து அங்கே போய் உட்கார்றது இருக்கே, அதைத்தான் இன்னிக்கு ரீடெயில் படிப்புல 'லொகேஷன்'னு ஒரு பாடமா வச்சிருக்காங்க.

இப்ப உலகத்தையும் ஒரு சுத்து சுத்திட்டு வந்துடலாம். 1916ல் அமெரிக்காவில் மெம்பிஸ் நகரத்துல பிக்லி விக்லின்னு ஒரு மளிகைக் கடை (பேரைப் பார்த்து சிரிக்காதீங்க). வாடிக்கையாளரே உள்ளே போய் சாமானை எடுத்துக்கலாம்னு அவங்கதான் கொண்டு வந்தாங்க. 1974 ஜூன்ல ஒஹையோவில் ஒரு சூயிங் கம் பாக்கெட்டைத்தான் முதன்முதலா பார்கோடு வச்சு பில் போட்டாங்க. சென்னையில் 1996ல் ஃபுட்வேர்ல்ட் வந்தப்போ இதெல்லாம் நம்மூருக்கும் வந்து சேர்ந்தது. பெரிய பெரிய கடைகள் வர வர, அதை நடத்த ஆளும் தேவைப்பட்டது. படிப்பும் வந்தது. காலணி வடிவமைப்புக்குப் பேர்போன எஃப்.டி.டி.ஐ.யே ரீடெயில் படிப்பும் சொல்லித் தருது. அதோட சென்னை வளாகம் இருக்கறது காஞ்சிபுரம் மாவட்டத்து இருங்காட்டுக்கோட்டையில.

நான் பொட்டி தட்டறதும் ஒரு வெளிநாட்டுக் கடைக்காரங்களோட சரக்கிருப்பு மென்பொருளுக்குத்தான். அதுல ஒவ்வொரு வகைச் சரக்குக்கும் ஒரு எண். ஒரே எண் உள்ள ஆயிரம் சோப்பும் ஒண்ணுதான். இந்தக் கணக்கை சித்தப்பா தறிக்குக் கொண்டு வந்தா சிஸ்டம் படுத்துடும். ஒரு பாவுல மூணு சேலை. ஊடை நிறத்தையும் முந்தியையும் மாத்தினா மூணும் மூணு சரக்கு. ஒவ்வொண்ணுக்கும் தனி எண், இருப்பு ஒண்ணே ஒண்ணு. ஆடித் தள்ளுபடிக்கு எதை நிறுத்தணும், ஆவணி முகூர்த்தத்துக்கு எந்த நிறம் இப்பவே தறியேறணும்னு முடிவு பண்ண, கடையையும் தெரிஞ்சிருக்கணும், தறியையும் தெரிஞ்சிருக்கணும். இந்த வேலைக்கு 'பையர்'னு பேர். ரெண்டும் தெரிஞ்ச ஆள் எத்தனை பேர் இருப்பாங்க?

இன்னொண்ணு. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது 2005-06ல். பட்டு அசல்தானான்னு சொல்ல சில்க் மார்க் 2004லேயே வந்தாச்சு. ஆனா கடைக்கு வர்றவங்களுக்கு சட்டமா தெரியும்? விசைத்தறிச் சேலையும் கோர்வை போட்ட கைத்தறிச் சேலையும் விரிச்சு வச்சா, விலையைத்தான் பார்ப்பாங்க. உடம்பையும் கரையையும் தனித்தனியா நெய்து கோர்க்கறாங்க, அதுக்கு ரெண்டு பேர் தறியில உட்காரணும், அதான் இந்த விலைன்னு எடுத்துச் சொல்ல ஒரு ஆள் வேணும். அந்த ஆள் சொல்ற ரெண்டு நிமிஷப் பேச்சுலதான் ஒரு தறியோட பிழைப்பே இருக்கு.

ஆனா எல்லாத்தையும் பாலும் தேனுமா சொன்னா அது ஏமாத்து வேலை. பட்டம் வாங்கினாலும் பல பேருக்கு ஆரம்பம் கடைத்தளத்துலதான். தீபாவளிக்கு ஊரே லீவுல இருக்கும்போது நமக்குத்தான் வேலை. 'அங்காடித் தெரு' (2010) பார்த்தவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாள் முழுக்க நிக்கற கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்கணும்னு தமிழ்நாட்டுல சட்டத் திருத்தம் வந்ததே 2021லதான். 1947ஆம் வருஷத்துச் சட்டத்துல உட்காரும் உரிமையைச் சேர்க்க 74 வருஷம் ஆயிருக்கு! சித்தப்பா 'நிக்கறதுக்கு எதுக்குப் படிப்பு'ன்னு கேட்டது வெறும் கிண்டல் இல்லை. அவரோட பயம் அது. தறியில குனிஞ்சு தன் முதுகு போச்சு, பொண்ணுக்குக் கால் போகணுமாங்கற பயம்.

கிளம்பறதுக்கு முன்னாடி இதையெல்லாம் அவர்கிட்டே சுருக்கமா சொன்னேன். கேட்டுக்கிட்டே நாடாவைத் தள்ளிக்கிட்டு இருந்தார். ஒண்ணும் பேசலை. தங்கச்சிதான் கேட்டா:

"அப்பா, 35 வருஷமா நெய்யறீங்களே, நீங்க நெய்த சேலையைக் கட்டினவங்க யாரையாவது பார்த்திருக்கீங்களா?"

தறிச் சத்தம் நின்னுது. கொஞ்ச நேரம் கழிச்சு, "இல்லம்மா"ன்னார்.

"அவங்களைப் பார்க்கத்தான் நான் படிக்கப் போறேன்."

அதுக்கு மேல நான் பேச என்ன இருக்கு? அப்ளிகேஷன் ஃபாரம் வாங்கியாச்சு. காலேஜ் எதுங்கறது இன்னும் முடிவாகலை. ஒண்ணு மட்டும் அவகிட்டே சொல்லியிருக்கேன்: சேர்றதுக்கு முன்னாடி இந்த லீவுல அப்பா பக்கத்துல உட்கார்ந்து கோர்வை போடக் கத்துக்கோ, அதை எந்த காலேஜும் சொல்லித் தராது.

இந்தத் துறையில இருக்கற பதிவர்கள் யாராவது இருந்தா, எங்கே சேரலாம், எதைத் தவிர்க்கலாம்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. சித்தப்பாவுக்கும் படிச்சுக் காட்டறேன்.