மூழ்கிப்போன குடங்கள்

கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் ஒரு அடகுக் கடை. தாத்தா, அப்பா, மகன் என்று மூணு தலைமுறையாக ஒரே குடும்பம் நடத்துகிறது. முன்பக்கம் நகை. பின்கட்டில் பித்தளையும் வெண்கலமும் குவிந்து கிடக்கும்: குடம், தவலை, அண்டா, சொம்பு, குத்துவிளக்கு. மீட்காமல் மூழ்கிப்போனவை. முன்பு இவற்றை எடைக்குப் போட்டு உருக்க அனுப்புவார்கள். இப்போது வெளியூரிலிருந்து ஆள் வந்து பொறுக்கி எடுத்துப் போகிறார்கள். பழைய சாமானாக வாங்கி 'விண்டேஜ்' என்று விற்கிறார்கள். என் ஆயாவின் குடமும் அந்தப் பின்கட்டு வழியாகத்தான் போனது.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் செட்டிநாட்டு வீட்டுச் சாமான்களுக்கென்றே கடைகள் உண்டு. அந்தச் சாமானுக்கு வரலாறு இருக்கிறது, படம் போட்ட புத்தகம் இருக்கிறது. சேரியிலிருந்து அடகுக்குப் போன குடத்துக்கு என்ன இருக்கிறது?

இருக்கிறது. 1930 டிசம்பரில் ராமநாதபுரத்தில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். பொன், வெள்ளி நகை போடக்கூடாது என்பது ஒன்று. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக்கூடாது என்பது இன்னொன்று. கேட்காதவர்களின் குடிசைகள் எரிந்தன, தானியம் பாழானது, ஆடுமாடு கொள்ளை போனது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஹட்டன் இதைப் பதிவு செய்திருக்கிறார். 1935 நவம்பரில் குஜராத்தின் ஜானு கிராமத்தில் உலோகக் குடத்தில் தண்ணீர் எடுத்ததற்காக நம் பெண்கள் தாக்கப்பட்டதை அம்பேத்கர் எழுதுகிறார். குடம் வெறும் குடமில்லை.

தென்னார்க்காட்டில் இப்படி எழுதிவைத்த தடை என் கண்ணில் படவில்லை. எழுதாமலே நடந்தது. "மண்சட்டிதான்டா நமக்கு. மொத மொத பித்தளக் கொடத்த இடுப்புல வச்சி தெருவுல வந்தப்ப அவளுவ பாத்த பார்வ இருக்கே!" என்பாள் ஆயா. அறுப்புக் கூலியைச் சேர்த்து வாங்கிய குடம் அது. பேர் வெட்டித்தான் வாங்கினாள். எழுத்து தெரியாதவள், தன் பேர் எந்த இடத்தில் இருக்கிறதென்று விரலால் தடவிக் காட்டுவாள். தாத்தா காய்ச்சலில் விழுந்த ஆடிமாதம் அது கடைக்குப் போனது.

சட்டம் இல்லாமலா? 1938இல் ராஜாஜி அரசு விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. அதில் விவசாயி என்றால் நிலத்தில் உரிமையோ குத்தகையோ உள்ளவன். கூலிக்காரன் கணக்கிலேயே இல்லை. 1943இல் அடகுபிடிப்போர் சட்டம் வந்தது. உரிமம் வேண்டும், ரசீது தரவேண்டும், ஒரு வருஷமும் ஏழு நாளும் காத்திருந்து ஏலம் விடவேண்டும். ஆயாவிடம் ரசீது இருந்தது. தேதியைப் படிக்கத்தான் ஆளில்லை.

மலைமேல் வேறு கதை. கல்வராயன் மலை மூன்று ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. மலையாளிப் பழங்குடிகள் அவர்களுக்குக் கூலியில்லாமல் வெட்டி வேலை செய்தார்கள். இந்தியாவுக்குச் சுதந்திரம் வந்து முப்பது வருஷம் நெருங்கும்போது, 1976இல்தான் அது முடிந்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் அதே வருஷம். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளைக் காக்கும் 1972ஆம் வருஷச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் அதே 1976 ஏப்ரலில். பொருளுக்கும் மனுஷனுக்கும் ஒரே வருஷத்தில் பாதுகாப்பு!

புளியும் கடுக்காயும் சுமந்து இறங்கியவர்கள் அவசரத்துக்குக் கழுத்திலிருந்த காசையும் கழற்றி வைத்தார்கள். பழைய ரூபாய் 11.66 கிராம், பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி. 1940இல் அது பாதி வெள்ளியானது, கடைசியில் நிக்கல். கடை எடைக்குப் பணம் தந்தது. காசு சேகரிப்பவர் வருஷத்துக்குப் பணம் தருகிறார். 'ராணி' என்றிருந்த விக்டோரியா 1877 முதல் 'பேரரசி' ஆனாள் என்று தெரிந்தவனுக்கு ஒரு விலை, தெரியாதவளுக்கு ஒரு விலை.

போன மாதம் அந்தக் கடைக்குப் போனேன். பின்கட்டில் ஒரு பையன் அரம் வைத்துக் குடத்தின் கழுத்தை ராவிக்கொண்டிருந்தான். ஏன் என்றேன்.

"பேரு சார். வாங்க வர்றவங்க பாத்துட்டு யாரு வூட்டுதுன்னு கேக்கறாங்க."

"எல்லாத்தையும் ராவிடுவீங்களா?"

"செட்டியாரு வூட்டு இன்ஷியல்னா வுட்டுடுவோம். அதுக்குத் தனி வெல."

ராவாமல் மிச்சமிருந்த ஏழு குடங்களின் பேர்களை நோட்டில் எழுதிக்கொண்டேன். எல்லாம் பெண்கள் பேர். ஆயாவின் பேர் அதில் இல்லை.