பேஸ் கித்தார்

பேஸ் கித்தார் என்பது தாழ்ந்த சுருதிகளை ஒலிக்கும், பொதுவாக நான்கு தந்திகள் கொண்ட மின் இசைக்கருவியாகும். 1951 இல் லியோ பெண்டர் வெளியிட்ட பிரிசிசன் பேஸ் இதனைப் பரவலாக்கியது. தமிழ்த் திரையிசையில் இளையராஜாவின் பாடல்களில் இதற்குச் சிறப்பிடம் உண்டு. ஏ. ஆர். ரகுமானின் பாடல்களுக்குக் கீத் பீட்டர்ஸ் இதனை வாசித்துள்ளார்.

மாணவர்களுக்கான தேர்வு

குறைந்த விலைக் கருவியில் வணிகப் பெயரைவிடக் கழுத்து நேராக இருத்தலே முதன்மையானது. கழுத்து முன்வளைந்தால் தந்திகள் உயர்ந்து விரல்கள் வலிக்கும், பயிற்சி தடைப்படும். கழுத்தினுள் உள்ள இரும்புக் கம்பியைத் திருகிச் சிறு வளைவைச் சரிசெய்யலாம். முறுக்கிக்கொண்ட கழுத்தை எளிதில் சீராக்க இயலாது. 12ஆம் மெட்டில் அழுத்தி மீட்டும் ஒலி, அதே தந்தியை அழுத்தாமல் மீட்டும் ஒலியைவிடச் சரியாக ஒரு ஸ்தாயி உயர்ந்திருக்க வேண்டும். தந்தியின் வழமையான நீளம் 34 அங்குலம். சிறிய கைகளுக்கு 30 அங்குலக் கருவி எளிது. ஒலிபெருக்கியின்றி இக்கருவி உரக்க ஒலிக்காது என்பதால் அதன் விலையையும் சேர்த்தே கணக்கிடல் வேண்டும்.