குண்டு விழுந்த தூரம்

மனை விளம்பரத்தில் 'வளர்ந்து வரும் பகுதி' என்று போட்டிருந்தால் என்ன அர்த்தம்? இன்னும் வளரவில்லை என்று அர்த்தம். 'அமைதியான சூழல்' என்றால் கூப்பிடு தூரத்தில் ஆள் கிடையாது. 'இயற்கை எழில்' என்றால் பஸ் வராது. 'சிதம்பரம் மிக அருகில்' என்பதில் அந்த 'மிக' எத்தனை கிலோ மீட்டர் என்பது ஆண்டவனுக்கும் புரோக்கருக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். சிதம்பர ரகசியம் என்று சும்மாவா சொன்னார்கள்!

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் வழியில் நானும் அப்படி ஒரு மனையைப் பார்க்கப் போனேன். பல வருடம் ஆகிறது. பிட் நோட்டீஸில் 'கடற்காற்று தாலாட்டும்' என்று இருந்தது. காற்று தாலாட்டத்தான் செய்தது. கீழே மண் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. உப்பு. ஒரு மூலையில் முழங்கால் தண்ணீர், அதில் ஒரு கொக்கு. "மழைத் தண்ணி சார், ரெண்டு நாள்ல வடிஞ்சுடும்" என்றார் அழைத்துப்போனவர். மழை பெய்து மூன்று மாதம் ஆகியிருந்தது. நான் பி.காம். படித்தவன். பற்று, வரவு எல்லாம் மனப்பாடம். இருந்தும் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தேன். அது இன்றைக்கும் பற்றிலேயே நிற்கிறது.

அந்த வயிற்றெரிச்சலில்தான் நம் ஆட்கள் முன்பெல்லாம் நிலத்தை எப்படி எழுதினார்கள் என்று தேட ஆரம்பித்தேன்.

சிதம்பரம் கோயிலுக்குப் போனால் சாமி கும்பிட்ட கையோடு கொஞ்சம் சுவரையும் பாருங்கள். கல்லில் வெட்டிய எழுத்துகளில் நில விவகாரங்கள் ஏராளம். சோழர் கால ஆவணங்களில் விளம்பர வாசனை அறவே இல்லை. இன்ன வதிக்குக் கிழக்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனையாவது கண்ணாறு, இத்தனையாவது சதுரம். முடிந்தது. டெல்டாவில் நிலத்தின் முகவரியே தண்ணீர்தான். கொஞ்சம் பிற்காலத்து விற்பனை ஆவணங்களில் ஒரு நாடகம்கூட உண்டு. விற்கிறவர் 'கொள்வார் உளரோ' என்று கேட்பார். வாங்குகிறவர் பதில் சொல்வார். இரண்டு பேரும் இசைந்த விலையைக் கையில் வாங்கிக்கொண்டதாக எழுதுவார்கள். வாங்குகிறாயா, வாங்குகிறேன். அவ்வளவுதான் பேச்சு.

செப்பேடுகள் இன்னும் சுவாரசியம். ராஜா ஒரு ஊரைத் தானம் கொடுக்கும்போது அதில் என்னவெல்லாம் அடக்கம் என்று ஒரு நீண்ட பட்டியல் வரும். மேல் நோக்கிய மரம், கீழ் நோக்கிய கிணறு என்பதெல்லாம் பலருக்குத் தெரிந்திருக்கும். அதோடு புற்று வரும். களர் வரும், உவர் வரும். ஓடையும் உடைப்பும் வரும். கூடவே 'மீன் பயில் பள்ளம்' என்றும் வரும். மீன்கள் வசிக்கிற பள்ளம். அடடா! நான் அட்வான்ஸ் கொடுத்த மனைக்கு ஆயிரம் வருடத்துக்கு முன்பே பெயர் வைத்திருக்கிறார்கள்.

நேர்மையால் அப்படி எழுதினார்கள் என்று உடனே உருகிவிட வேண்டாம். ஒரு பிடி மண்கூட தானத்திலிருந்து விட்டுப்போகக் கூடாது, நாளைக்கு யாரும் வந்து இது அதில் சேராது என்று சொல்லக் கூடாது என்பதற்காகத்தான் அந்தப் பட்டியல். ஆனாலும் பள்ளத்தைப் பள்ளம் என்று எழுதினார்கள்.

சரி, கடலூருக்கு வருவோம். வருடம் 1690. ஒரு கோட்டை விற்பனைக்கு வருகிறது.

இடம் தேவனாம்பட்டினம். கெடிலம் கடலில் கலக்கும் பகுதி. 1677-ல் சிவாஜி செஞ்சியைப் பிடித்ததோடு இந்தச் சின்னக் கோட்டையும் மராட்டியர் கைக்கு வந்தது. 1689-ல் அவுரங்கசீப் சிவாஜியின் மகன் சம்பாஜியைக் கொன்றார். தம்பி ராஜாராம் தப்பித்து செஞ்சிக்கு வந்து உட்கார்ந்தார். பின்னாலேயே மொகலாயப் படையுடன் ஜுல்பிகர் கான். முற்றுகை. ராஜாராமுக்குப் பணம் வேண்டும், அதுவும் உடனே வேண்டும். இன்றைய பாஷையில் 'அவசர விற்பனை'.

இதை எந்த புத்திசாலி வாங்குவான்? விற்கிறவருக்கே நாளைக்கு ராஜ்ஜியம் இருக்குமா என்று தெரியாது. மொகலாயர் ஜெயித்துவிட்டால் பத்திரம் பஜ்ஜி மடிக்கத்தான் ஆகும். பக்கத்திலேயே டச்சுக்காரர்களின் பண்டகசாலை வேறு. வில்லங்கச் சான்றிதழ் போட்டால் பக்கம் போதாது. 

கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கியது. அப்போது சென்னையில் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். ஆமாம், பிற்பாடு அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்தாரே, அவரேதான். கோட்டைக்கு செயின்ட் டேவிட் என்று பெயரும் சூட்டினார்கள்.

விஷயம் விலையில் இல்லை, எல்லையில் இருக்கிறது. கோட்டையைச் சுற்றி எவ்வளவு நிலம் சேரும்? வதி இல்லை, வாய்க்கால் இல்லை, சதுரம் இல்லை. பீரங்கியின் 'ராண்டம் ஷாட்' எட்டுகிற தூரம் வரைக்கும் என்று ஒரே ஒரு வாசகம்.

'ராண்டம்' என்றால் இன்றைக்கு நாம் குத்துமதிப்பாக, போகிறபோக்கில் என்று புரிந்துகொள்வோம். அன்றைய பீரங்கி பாஷையில் அது வேறு. குழாயைப் படுக்கையாக வைத்து நேரே சுடுவது பாயின்ட் பிளாங்க். குழாயை வானத்தைப் பார்க்கத் தூக்கி, குண்டு எவ்வளவு தொலைவு போகுமோ அவ்வளவும் போகவிடுவது ராண்டம். அதாவது அதிகபட்ச தூரம். நம் செப்பேட்டில் மேல் நோக்கிய மரம்; இவர்கள் பத்திரத்தில் மேல் நோக்கிய பீரங்கி.

இவ்வளவு ரப்பர் மாதிரி ஒரு வார்த்தை கையில் கிடைத்தால் சும்மா விடுவார்களா? எந்த பீரங்கி என்று பத்திரம் சொல்லவில்லை. கிடைத்ததிலேயே நல்ல பீரங்கி சென்னையிலிருந்து வந்தது. கோட்டையிலிருந்து திசைக்கொன்றாகச் சுட்டார்கள். 1690 செப்டம்பரில் குண்டு போன தூரம் வரைக்கும் இருந்ததெல்லாம் கம்பெனிக்குச் சொந்தமானது. கடலூர் நகரமே அதற்குள் விழுந்தது. அந்தக் கிராமங்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர் நிலைத்தது.

நினைத்துப் பாருங்கள். காலையில் வயலுக்குப் போகிறீர்கள். தூரத்தில் டமார் என்று ஒரு சத்தம். உங்கள் வரப்பைத் தாண்டி எங்கோ ஒரு இரும்பு உருண்டை விழுகிறது. சாயங்காலம் வீடு திரும்பும்போது நீங்கள் வேறொரு தேசத்து வியாபாரிகளின் குடி. உங்களிடம் யாரும் 'கொள்வார் உளரோ' என்று கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று விற்றவருக்கும் தோன்றவில்லை, வாங்கியவருக்கும் தோன்றவில்லை. நான் இழந்தது ஒரு அட்வான்ஸ். போகட்டும்.

வாங்கியவர்கள் நிம்மதியாக இருந்தார்களா என்றால், அதுவும் இல்லை. 1698-ல் செஞ்சி விழுந்தது. ராஜாராம் தப்பிவிட்டார். செஞ்சிக்கு மொகலாயர் சார்பில் வந்த ஸ்வரூப் சிங் - நம்ம ராஜா தேசிங்கின் அப்பா - 1710 வாக்கில் பணம் கேட்டுக் கம்பெனியோடு மோதினார். 1746-ல் சென்னையை பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தபோது தென்னிந்தியாவில் இங்கிலீஷ்காரர்களுக்கு இந்தக் கோட்டைதான் தலைமையிடம். 1756-ல் ராபர்ட் கிளைவ் இங்கே அதிகாரியாக இருந்தார். 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்து இடித்துத் தள்ளினார். அதற்குப் பிறகும் கடலூர் ரெண்டு மூன்று முறை கை மாறி, 1785-ல்தான் ஒருவழியாக இங்கிலீஷ்காரர்களிடம் நின்றது. இன்றைக்குக் கோட்டையில் மிச்சமிருப்பது சில இடிபாடுகள்தான்.

அப்புறம் 2004 சுனாமி. தேவனாம்பட்டினம் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். 2011 கடைசியில் தானே புயல். 2015-ல் மாவட்டமே வெள்ளக்காடு. ஒவ்வொன்றுக்குப் பிறகும் என் கைக்கு வந்த நோட்டீஸ்களில் வார்த்தைகள் இடம் மாறின. 'கடலோரம்' கொஞ்ச நாள் காணாமல் போகும். 'மேட்டுப் பகுதி' வரும். வெள்ளம் மறந்ததும் 'கடலோரம்' சத்தமில்லாமல் திரும்பி வரும்.

இப்போது சட்டம் இருக்கிறது. 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் சட்டப்படி, விளம்பரத்தில் சொன்ன பொய்யை நம்பிப் பணம் போட்டு நஷ்டப்பட்டால் ஈடு கேட்கலாம். நல்லதுதான். ஆனால் 'எழில்' பொய் என்று எந்தக் கோர்ட்டில் நிரூபிப்பீர்கள்? கொக்கைச் சாட்சிக்கு அழைக்க முடியுமா?

சமீபத்தில் அந்த வழியாகப் போனேன். பழைய போர்டைக் காணோம். புதுசாக, பெரிசாக ஒன்று: 'நீர்வளம் மிக்க மனைகள். சில மனைகளே மீதம்.' பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்தேன். கொக்கு அங்கேதான் இருந்தது.