ஓபீர் மலையடிவாரத்தில் கூட்டரசுச் சட்டம்

ஜாசின் வட்டாரத் தோட்டங்களில் உழைத்த நம் முன்னோர் வடகிழக்கே பார்த்த மலை குனோங் லேடாங். ஆங்கிலேயர் அதனை ஓபீர் மலை என்றனர். 1,276 மீட்டர் உயரமுள்ள அதன் சிகரம் ஜொகூருக்குரியது. இப்பக்கத்து அடிவாரத்தில் மலாக்காவின் அசஹான் இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மலாக்காவின் உட்பகுதிக் காடுகள் மரவள்ளிக்காக வெட்டப்பட்டன. சில அறுவடைகளிலேயே மண் சாரமிழக்க, கைவிடப்பட்ட நிலத்தை லாலான் புல் மூடியது. ஆலைகளுக்கு வேண்டிய விறகையும் எஞ்சிய காடே தந்தது. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் கண்காணிப்பாளர் நதானியேல் கான்ட்லி 1883இல் அளித்த அறிக்கைக்குப் பின்னரே இங்கு வனக் காப்பகங்கள் எல்லையிடப்பட்டன. பிறகு ரப்பர் வந்தது. 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். அடுத்து அசஹானில் பெருந்தோட்டம் எழுந்தது. இத்தகைய தோட்டங்களே தமிழர் குடியிருப்புகளை மலையருகே கொண்டுசேர்த்தன.

1957ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, நிலத்தையும் காட்டையும் மாநிலப் பட்டியலில் வைத்தது. ஆகவே, 1984ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டமும் மாநிலச் சட்டமன்றம் ஏற்ற பிறகே அங்கங்கு நடைமுறைக்கு வந்தது. காப்பக நிலத்தை விலக்கும் அதிகாரம் மாநிலத்திடமே நின்றது. விலக்குமுன் பொது விசாரணை வேண்டும் என்ற 2022ஆம் ஆண்டுத் திருத்தமும் அவ்வாறே மாநிலங்களின் ஏற்பை நாடி நிற்பது. சிகரத்தைச் சூழ்ந்த பூங்காவின் பெயரில் ‘தேசிய’ என்ற சொல் உண்டு. அதனை ஆள்வதோ ஜொகூர் மாநிலச் சட்டத்தால் அமைந்த கழகம். பெயரைக் கண்டு மயங்கலாகாது.

1991ஆம் ஆண்டு வறட்சியில் டுரியான் துங்கால் அணை வற்றியதை மலாக்கா மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2005இல் குடிநீர் வழங்கல் பொதுப் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. குழாய் கூட்டரசுச் சட்டத்தின் கீழ் வந்தது. ஆறும் அது பிறக்கும் மலையும் மாநிலத்திடமே இருந்தன. மலாக்காவோ ஜொகூரின் மூவார் ஆற்றையும் நம்பியிருக்கிறது.

வருமான வரி கூட்டரசுக்குச் சேர்வதால், நிலமும் மரமுமே மாநிலக் கருவூலத்தின் பெரும் வருவாய். காட்டைக் காக்கும் மாநிலம் அவ்வருவாயை இழக்கிறது. அதனை ஈடுசெய்ய 2019ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் கூட்டரசு 6 கோடி ரிங்கிட் ஒதுக்கியது. 2025இல் அத்தொகை 25 கோடியாயிற்று. பங்கீட்டில் காட்டின் பரப்பை மட்டும் அளந்தால் மலாக்கா கடைசியில் நிற்கும். அசஹான் அணைக்கு நீர் தரும் சரிவு எத்தனை வீடுகளுக்குப் பயன்படுகிறது என்பதும் அக்கணக்கில் சேர வேண்டும் என்பதே நம் கருத்து.